மாயவீரரும் மக்கள் கூட்டமும்

கற்பிக்கும் தொழிலில் ஈடுபட்டிருப்போர், தாம் கற்பித்த பாடத்தையே தம் மாணாக்கரிடமிருந்து மீண்டும் ஒருமுறை கற்க நேர்வதுண்டு. அண்மையில் எமக்கும் அவ்வாறு நேர்ந்தது. அதனை எம்முள்ளே வைத்துக்கொள்வதினும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே முறையெனத் தோன்றியமையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சம்மாந்துறை நெல் விளையும் பூமி. பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் வெளித்துக் கிடந்த மாசி மாதத்து நாளொன்றில், உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அணியிலக்கணம் போதித்துக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் பிறிதுமொழிதல். தாம் சொல்லக் கருதிய பொருளை வெளிப்படச் சொல்லாது மறைத்து, அதனை ஒத்த வேறொன்றைச் சொல்லி, கருதிய பொருளைக் கேட்போர் தாமே உணருமாறு விடுவது அவ்வணி. தண்டியலங்காரம் இதனை ஒட்டணி என்று கூறும். மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறுமிடத்து, அவர் கருதியது வண்டியுமன்று, இறகுமன்று. எளியவர்தாமே என்றெண்ணிப் பலரையும் பகைத்துக்கொள்ளும் அரசன் அடையும் கேடே அவர் கருதிய பொருள்.

இவ்வாறு விளக்கிக்கொண்டிருக்கையில் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், எக்ஸ்-மென் படமும் பிறிதுமொழிதல்தானே?” என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. ஏனெனில் எமக்கு விடை தெரியவில்லை. “பார்த்துவிட்டுச் சொல்வோம்” என்று வாக்களித்தோம்.

ஆங்கிலப் படத்தைத் தமிழ் அணியிலக்கணத்தால் அளப்பது விந்தையான முயற்சியே. ஆயினும் இம்மண்ணுக்கு அது புதியதன்று. எமக்கு மிக அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் மரபின் துணைகொண்டு ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலை யாத்தவர். அப்பெரியார் நடந்த பாதையில் நாமும் சிறிது தூரம் நடந்து பார்ப்போமே என்று எண்ணினோம். வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு பல இரவுகள் இப்படங்களைப் பார்த்தோம்; அவற்றின் வரலாற்றையும் தேடிப் படித்தோம்.

சித்திரக்கதையிற் பிறந்தவர்கள்

இன்று உலகெங்கும் திரையரங்குகளை நிரப்பும் சூப்பர் ஹீரோக்கள், அஃதாவது மனித ஆற்றலைக் கடந்த மாயவீரர்கள், முதலிற் பிறந்தது திரையிலன்று. அமெரிக்கச் சிறுவர்கள் பத்துச் சதத்துக்கு வாங்கிய சித்திரக்கதைச் சஞ்சிகைகளிலே. 1938 ஆம் ஆண்டு ஜூன் மாதத் திகதியிட்ட ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதலாம் இதழிற் சூப்பர்மேன் தோன்றினான். அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ சஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பிறந்த உலகம் அழியுந் தறுவாயிற் பெற்றோரால் தனியே அனுப்பப்பட்டு, அயல் மண்ணில் வேற்றுப் பெயரோடு வளரும் ஒரு குழந்தையின் கதையை அவர்கள் எழுதினார்கள் என்பதில் வியப்பில்லை.

1946 இல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான சூப்பர்மேன் தொடரொன்று, கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிச் சங்கத்தைப் போன்றதொரு கூட்டத்தைக் கதையின் பகைவராக வைத்தது. அக்கூட்டம் துன்புறுத்தியது ஒரு சீனக் குடும்பத்தை. சிறுவர் கேட்கும் கதையில் இத்துணை வெளிப்படையாகப் பேசியது அக்காலத்துக்குத் துணிகரமான செயலேயாகும்.

ஆனால் வெளிப்படையாகப் பேசுவதற்கு இருந்த தடை எத்தகையது என்பதை வேறொரு நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது. 1954 இல் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் தமக்கென ஒரு தணிக்கைக் குழுவை அமைத்துக்கொண்டனர். 1956 இல் ஒரு பதிப்பாளர் ‘தீர்ப்பு நாள்’ என்னும் பொருளுடைய தம் பழைய கதையொன்றை மறுபதிப்புச் செய்ய முற்பட்டார். செம்மஞ்சள் நிற இயந்திர மனிதரும் நீல நிற இயந்திர மனிதரும் வாழும் ஓர் உலகம். இருவகையினரும் உள்ளே ஒரே இயந்திரம். மேலுறையின் நிறம் ஒன்றே வேறு. ஆயினும் நீல நிறத்தார் தாழ்ந்தவராகத் தனிச்சேரியில் வைக்கப்பட்டுள்ளனர். பூமியிலிருந்து சென்ற விண்வெளி வீரன் ஒருவன் இதனைக் கண்டு, “நீங்கள் எமது கூட்டாட்சியிற் சேர்வதற்கு இன்னும் தகுதி பெறவில்லை” என்னும் தீர்ப்பைக் கூறித் திரும்புகிறான். கடைசிப் படத்தில் அவன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். அவன் ஒரு கறுப்பின மனிதன்!

தணிக்கையாளர் அந்த இயந்திரங்களைக் குறித்து மறுப்புக் கூறவில்லை. அந்த முகத்தைத்தான் மறுத்தார். பதிப்பாளர் விட்டுக்கொடாது போராடி, முகத்தை மாற்றாமலே அச்சிட்டார். வாசகர்கள் இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்வார்களாக. உவமைக்கு அனுமதி உண்டு. உவமிக்கப்படும் மனிதனின் முகத்துக்கு அனுமதி இல்லை. பிறிதுமொழிதல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை.

விகாரிகளின் கதை

இனி மாணவி கேட்ட எக்ஸ்-மென் கதைக்கு வருவோம். ஸ்டான் லீ எழுத, ஜக் கேர்பி வரைந்த அச்சித்திரக்கதையின் முதல் இதழ் 1963 செப்டெம்பர் மாதத் திகதியிட்டு வெளியாயிற்று. பிறவியிலேயே அதிசய ஆற்றல் பெற்ற மனிதர் சிலர். எம் விஞ்ஞானப் பாடநூல்களின் மொழியிற் கூறுவதாயின் விகாரிகள். அவர்களைக் கண்டு உலகம் அஞ்சுகிறது, வெறுக்கிறது. அவர்களோ தம்மை வெறுக்கும் அதே உலகத்தைக் காக்கின்றனர்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 28 ஆந் திகதி, வாஷிங்டன் நகரிலே இரண்டரை இலட்சம் மக்கள் திரண்ட பேரணியில் மாட்டின் லூதர் கிங் உரையாற்றினார். இவ்விரண்டையும் இணைத்து, கறுப்பின மக்களின் உரிமைப் போரை மனத்திற் கொண்டே எக்ஸ்-மென் எழுதப்பட்டதெனப் பலரும் கூறுவர். ஆனால் வரலாறு அத்துணை நேர்கோடாக இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் ஆற்றல் எவ்வாறு வந்தது என்பதைப் புதிது புதிதாகக் கற்பிக்கும் தொல்லையைத் தவிர்க்கவே ‘பிறவியிற் பெற்றனர்’ என்று அமைத்ததாக ஸ்டான் லீயே பிற்காலத்திற் கூறியுள்ளார். முதற் குழுவிலிருந்த இளைஞர் ஐவரும் வெள்ளையர். 1975 இலேதான் கென்ய மண்ணோடு தொடர்புடைய ‘ஸ்டோர்ம்’ என்னும் கறுப்பினப் பெண் முதலாகப் பல நாட்டவர் அக்குழுவிற் சேர்ந்தனர். அதன்பின் கதையை ஏற்று நடத்திய கிறிஸ் கிளேர்மொண்ட் என்பவரின் கையிலே உவமை உரம் பெற்றது. விதை தற்செயலாக விழுந்தது. மரத்தை வளர்த்தவர்கள் பின்வந்தோர் என்க.

2000 ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது எக்ஸ்-மென் திரைப்படம், 1944 இற் போலந்து நாட்டு நாசி வதைமுகாமின் வாயிலிலே தொடங்குகின்றது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் யூதச் சிறுவன் ஒருவன் கதறுகிறான். அவன் கதறலில் இரும்புக் கதவு வளைகின்றது. அடுத்து, அமெரிக்க செனற் சபையில் விகாரிகள் யாவரும் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும் என்னும் சட்டத்தைப் பற்றிய வாதம் நிகழ்கின்றது. முகாமிலே எண் குத்தப்பட்ட சிறுவன் முதியவனாகி, அவ்வாதத்தைக் கேட்டு நிற்கிறான். இதற்கு விளக்கவுரை வேண்டுமோ?

இக்காட்சியைப் பார்த்தபோது எமக்கு வாஷிங்டன் நினைவுக்கு வரவில்லை. மலைநாடே நினைவுக்கு வந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. மனிதரைப் பட்டியலிட்டுப் பிரிக்கும் சட்டம் எத்தன்மையது என்பதை அறிய எம்மவர்க்கு மாயக்கதை தேவையில்லைதான். ஆயினும் மாயக்கதை அதனை மீண்டும் உணரச் செய்தது. உவமையின் வலிமை அதுவே.

உவமையின் குறைகள்

வலிமையைக் கூறிய நாம் குறைகளையும் கூறவேண்டும். அவை மூன்று.

முதலாவது: விகாரி உண்மையிலேயே அபாயமானவன். கண்ணாற் பார்த்து மதிலைத் தகர்க்க வல்லவனைக் கண்டு அயலவர் அஞ்சினால், அவ்வச்சத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கறுப்பின மனிதன் கண்ணால் மதிலைத் தகர்ப்பதில்லை. அவனை அஞ்சியோர் அஞ்சியது தம் கற்பனையையே. ஆதலால் இவ்வுவமை, தான் கண்டிக்க எண்ணிய வெறுப்புக்கே அறியாமல் ஒரு நியாயத்தை வழங்கிவிடுகின்றது.

இரண்டாவது: உவமை வந்தமர்ந்த ஆசனத்திலிருந்து உண்மை எழுப்பப்பட்டுவிடுகின்றது. 2011 இல் வெளிவந்த எக்ஸ்-மென் படமொன்று 1962 ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களிலே கறுப்பின மாணவர்கள் உணவுக்கடையிற் சமமாக அமர்வதற்காக அடிவாங்கிக்கொண்டிருந்த காலம் அது. படத்திலோ உரிமைப் போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கறுப்பின விகாரி இளைஞன் தோன்றிச் சிறிது நேரத்திற் கொல்லப்படுகிறான். ஒடுக்கப்பட்டோரின் துயரத்தை வெள்ளை முகங்கள் நடித்துக் காட்ட, ஒடுக்கப்பட்டோர் திரையை விட்டு வெளியேறிவிட்டனர்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மற்றொன்று. சாந்தம் போதிக்கும் பேராசிரியரை மாட்டின் லூதர் கிங்குக்கும், வன்முறை விரும்பும் மக்னீற்றோவை மல்கம் எக்ஸுக்கும் ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இது இருவருக்கும் இழைக்கும் அநீதி. கிங் வெறும் சாந்தமூர்த்தியல்லர்; சட்டத்தை மீறி 1963 இல் பேர்மிங்ஹாம் சிறையில் இருந்தவர். மல்கம் எக்ஸ் உலகை அடக்கியாள எண்ணியவரல்லர். 1964 இல் ஹஜ் யாத்திரை சென்று, எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் நின்று தொழுவதைக் கண்டு, வெள்ளையர் அனைவரும் தீயோர் என்று தாம் கொண்டிருந்த கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டவர். தம் கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவு எந்த மாயவீரனிடமும் எளிதிற் காணப்படாத ஆற்றல். 1965 பெப்ரவரி 21 ஆந் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்றாவது குறையை இறுதியிற் கூறுவோம். அது எம் வகுப்பறையில் வெளிப்பட்டது.

பெயர் சொல்லிய கதைகள்

உவமையை விட்டுப் பெயர் சொல்லிப் பேசிய கதைகளும் பின்னர் வந்தன. 1966 இற் சித்திரக்கதையிற் பிறந்த ‘பிளாக் பாந்தர்’ என்னும் ஆபிரிக்க மன்னன், 2018 இல் ரயன் கூக்லரின் நெறியாள்கையில் திரைக்கு வந்தான். சட்விக் போஸ்மன் அவ்வேடம் பூண்டார். அப்படம் உலகெங்கும் 130 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்ட முதலாவது மாயவீரர் படமும் அதுவே. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திரையரங்கு இல்லாதிருந்த சவூதி அரேபியாவில், 2018 ஏப்ரலில் ரியாத் நகரத் திரையரங்கு திறக்கப்பட்டபோது முதலிற் காட்டப்பட்ட படமும் இதுவேயாம்.

வக்கண்டா என்னும் கற்பனை நாடு செல்வத்தில் மிதக்கின்றது. ஆனால் வெளியுலகுக்குத் தன்னை மறைத்துக்கொண்டு, கடல் கடந்து அடிமைகளாக விற்கப்பட்ட தன் இனத்தாருக்கு உதவாதிருக்கின்றது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் அநாதையாக விடப்பட்ட அரச குலத்துச் சிறுவன் வளர்ந்து வந்து, “நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்னும் கேள்வியோடு அரியணையை நெருங்குகிறான். அவனே படத்தின் பகைவன். நியாயமான கேள்வியைக் கேட்பவனைப் பகைவனாக்கிக் கொன்றுவிட்டார்களே என்று குறைகூறுவோர் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் இறுதியில் மன்னன் ஓக்லண்ட் நகருக்கே சென்று அச்சிறுவன் வாழ்ந்த இடத்தில் ஒரு சேவை நிலையத்தைத் தொடங்குகிறான். மாண்டவனுடைய கேள்விக்கு வாழ்பவன் விடை தேடுகிறான்.

2019 இல் ஒளிபரப்பான ‘வோச்மன்’ தொலைக்காட்சித் தொடர் இன்னும் ஒரு படி சென்றது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களில், டல்சா நகரின் கிரீன்வுட் பகுதியிலே செழிப்புற்றிருந்த கறுப்பின மக்களின் குடியிருப்பு வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் பல தலைமுறையாகப் பேசாதிருந்த அவ்வரலாற்றோடு தொடர் தொடங்குகின்றது. எரியும் ஊரிலிருந்து பெற்றோர் ஒரு சிறுவனைத் தனியே அனுப்பி உயிர் தப்பவைக்கின்றனர். சூப்பர்மேனின் கதைதான், ஆனால் அழியும் உலகம் வானத்திலில்லை, ஒக்லஹோமா மாநிலத்தில் இருந்தது.

கமலா கானை எம் மாணவிகள் பலரும் அறிவர். நியூ ஜேர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் அவள். 2014 இல் அவளுக்கெனத் தனிச் சஞ்சிகை தோன்றியது. 2022 இல் ஆறு பகுதிகள் கொண்ட தொடரும் வந்தது. அதில் 1947 பிரிவினையின்போது புறப்பட்ட கடைசிப் புகைவண்டியின் நெரிசலும் கண்ணீரும் இடம்பெற்றன. 2015 இல் சான் பிரான்சிஸ்கோ நகரப் பஸ்களில் இஸ்லாமியரை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டபோது, யாரோ சிலர் அவற்றின்மேல் கமலா கானின் படத்தை ஒட்டி மறைத்தனர். காகிதத்திற் பிறந்த ஒரு பெண் தெருவுக்கு வந்து தன் மக்களைக் காத்தாள் என்றால் அது மிகையன்று.

மின்னலும் ஒன்றே, மனிதர் இருவர்

எம் திரையில் இத்தகைய கதைகள் இல்லையோ என்று வாசகர் வினவலாம். மாய ஆற்றல் இல்லாவிடினும், 1965 இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் எம். ஜி. ஆர். ஒரு வைத்தியராகத் தோன்றி, தீவொன்றிலே விற்கப்பட்ட அடிமைகளுக்குத் தலைவராகிறார். கண்டியிற் பிறந்த அந்நடிகர் தீவிலே சிறைப்பட்ட உழைப்பாளருக்காக வாளேந்துவதை, உடன்படிக்கை கைச்சாத்தான மறு ஆண்டிலே காணுங்கால், படமெடுத்தோர் எண்ணாத பொருளையும் உள்ளம் தானே சேர்த்துக்கொள்ளும். ஒட்டணியின் இயல்பு அப்படி.

ஆயினும் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது மலையாளப் படமாகிய ‘மின்னல் முரளி’. பாசில் ஜோசப் இயக்கத்தில் 2021 டிசெம்பரில் வெளிவந்தது. குறுக்கன்மூலை என்னும் கற்பனைக் கிராமத்தில் ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகின்றது. ஒருவன் தையற்காரன்; மற்றவன் தேநீர்க் கடையில் வேலைபார்க்கும் ஷிபு. இருவரும் சமமான ஆற்றல் பெறுகின்றனர். தையற்காரன் ஊரைக் காக்கும் வீரனாகிறான். ஷிபுவோ ஊராரால் ஏளனம் செய்யப்பட்டு ஒதுக்கப்பட்டவன். அவன் வேண்டுவதெல்லாம் தான் நேசித்த ஒரு பெண்ணின் துணை. ஊர் மூட்டிய தீயில் அதுவும் கருகியபின் அவன் ஊரையே அழிக்க எழுகிறான். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அவ்வேடத்தில் நடித்ததைப் பார்த்தோர் மறக்கமாட்டார்கள். மின்னலில் வேற்றுமை இல்லை. ஊர் அவர்களைப் பார்த்த பார்வையிலேதான் வேற்றுமை.

இப்படத்துக்கு நேர்ந்த கதி படத்தினும் பெரிய பாடம். பெரியாற்றங்கரையிற் காலடி என்னுமிடத்தில் இதற்காக அமைத்திருந்த தேவாலய வடிவம், அருகே கோயில் இருக்கின்றது என்று காரணங்கூறி 2020 மே மாதத்தில் உடைக்கப்பட்டது. அது கடதாசியும் பலகையும் கொண்ட வெறும் திரைக்கட்டு! எல்லா உயிரும் ஒன்றே என்று போதித்த ஆதிசங்கரர் பிறந்த ஊர் காலடி என்பதை எண்ணுங்கால் இந்து சமயத்தவராகிய எமக்குத் தலை தாழ்கின்றது. கற்பனைக் கிராமத்து மக்கள் மூட்டிய தீயை உண்மைக் கிராமம் மெய்ப்பித்துவிட்டது.

மூன்றாவது குறை

இத்தனையும் படித்துவிட்டு வகுப்புக்குச் சென்றோம். “ஆம், அது பிறிதுமொழிதலே” என்று மாணவிக்கு விடை கூறினோம். பின்பு யாவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, “அக்கதையில் வரும் விகாரிகள் எம் நாட்டில் யாவர்?” என்று எழுதச் சொன்னோம். பெயர் எழுதவேண்டாம் என்றோம். நாமும் ஒரு தாளில் எழுதினோம்.

எம் வகுப்பிற் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவர். வீரமுனை, மல்வத்தைப் பக்கத்திலிருந்து வரும் தமிழ் மாணவரும் உளர். அன்றிரவு தாள்களைப் படித்தோம். ஒருவர் 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பின் பட்ட அவமானத்தை எழுதியிருந்தார்: “என் உம்மா ஏறிய பஸ்ஸில் அவர் பக்கத்து ஆசனம் அம்பாறை வரைக்கும் காலியாகவே இருந்தது.” மற்றொருவர் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, நோயால் இறந்தோரின் உடல்களை அடக்கம் செய்யவிடாது எரித்ததை எழுதியிருந்தார். இன்னொருவர் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற தம் தந்தையை. வேறொருவர் 1983 ஜூலையை. அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முந்தியது அது.

ஒவ்வொரு தாளும் உண்மை. ஒவ்வொரு தாளிலும் விகாரிகள் எழுதியவரின் மக்களே. எம் தாளை எடுத்துப் பார்த்தோம். அதிலும் எம்மவரே இருந்தனர். கல்லெறியும் கூட்டத்தில் தம்மவரைக் கண்டவர் ஒருவருமில்லை, ஆசிரியரும் இல்லை.

இதுவே உவமையின் மூன்றாவது குறை. மாயக்கதை எல்லோருக்கும் துன்புற்றோரின் ஆசனத்தையே தருகின்றது. யூதரும் கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தோரும் பாலினச் சிறுபான்மையினரும் அவ்வாசனத்தில் தம்மைக் கண்டு ஆறுதலடைந்தனர், அது நன்றே. ஆயின் கூட்டத்தின் ஆசனத்தில் அமர்ந்து பார்க்குமாறு அது எவரையும் கேட்பதில்லை. ஒரே மனிதன் ஓரிடத்தில் விகாரியாகவும் அடுத்த தெருவிற் கூட்டத்தினனாகவும் இருக்கக்கூடும் என்பதை அது சொல்லுவதில்லை.

எம் கரைக்கு இது மிகவும் பொருந்தும். நாடு முழுவதையும் நோக்கின் தமிழரும் சிறுபான்மை, முஸ்லிம்களும் சிறுபான்மை. ஊர் ஊராக நோக்கின் காரைதீவிற் பெரும்பான்மையினர் சம்மாந்துறையிற் சிறுபான்மையினர். சம்மாந்துறைப் பெரும்பான்மையினர் காரைதீவிற் சிறுபான்மையினர். இடையே உள்ளது சில மைல் வயல்வெளி. 1990 இல் நாம் பத்து வயதுப் பாலகர். அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் எம் இனத்து ஆயுததாரிகள். அதே மாதம் 12 ஆந் திகதி வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். அங்கே குற்றஞ்சாட்டப்பட்டோர் முஸ்லிம் ஊர்காவற்படையினர். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

அந்நாளில் எம் தந்தையார் வயலைப் பார்க்க மேற்கே செல்ல அஞ்சினார். அவரோடு ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சிய முஸ்லிம் நண்பர் சந்தைக்குக் கிழக்கே வர அஞ்சினார். இருவருடைய பயிரும் அவ்வாண்டு நீரின்றிக் கருகியது. இருவரும் சந்தித்துப் பேச ஆண்டுகள் பல சென்றன. அந்தக் கதையில் எவர் விகாரி, எவர் கூட்டம் என்று எந்த இலக்கண நூலைக் கொண்டு பிரிப்பது?

இரண்டாவது கேள்வி

அடுத்த வாரம் வகுப்பில் இரண்டாவது கேள்வியைக் கொடுத்தோம்: “அக்கதையில் வரும் கூட்டத்தினர் யாவர்?” வகுப்பு நெடுநேரம் மௌனமாக இருந்தது. சிலர் வெற்றுத்தாளைத் தந்தனர். நாம் அவர்களைக் குறைகூறவில்லை. எமக்கும் எழுதக் கை எழவில்லை.

ஒரு தாளில் மட்டும் சில வரிகள் இருந்தன. எழுத்தைக் கொண்டு எவர் எழுதியது என்று அறிந்தோம். முன்னர்ப் பஸ் ஆசனத்தைப் பற்றி எழுதிய அதே கை. “எங்கள் டியூஷன் வகுப்பில் வீரமுனையிலிருந்து வரும் ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வருஷமாக யாரும் இருப்பதில்லை. நானும் இருந்ததில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது” என்று அவள் எழுதியிருந்தாள்.

நாம் அத்தாளை வகுப்பில் வாசிக்கவில்லை. மதிப்பெண் இடவுமில்லை. மடித்து மேசை அறையில் வைத்துக்கொண்டோம். அவள் அடுத்த வகுப்பில் எங்கே அமர்ந்தாள் என்று கேட்கவுமில்லை. அது அவளுடைய காரியம். எமக்குரிய காரியம், எம் வெற்றுத்தாளை நிரப்புவது. எம் தந்தையாரின் நண்பர் இன்றும் சம்மாந்துறையில் இருக்கிறார். முதுமையாற் கண் மங்கிவிட்டது. கல்லூரியிலிருந்து அவர் வீடு நடந்து செல்லும் தூரமே. இத்தனை ஆண்டு அவ்வழியே பஸ்ஸிற் சென்று வந்தும் ஒருநாளும் இறங்கியதில்லை. ஏன் என்று எமக்கே தெரியாது. சென்ற வெள்ளிக்கிழமை மாலை இறங்கினோம்.

மாயவீரர் படங்களைப் பிள்ளைகள் பார்ப்பது வீண் பொழுதுபோக்கென்று பெற்றோர் பலர் கடிந்துகொள்வர். கடியவேண்டா. அருகே அமர்ந்து தாமும் பார்ப்பாராக. படம் முடிந்ததும் பிள்ளையிடம், “நீ அந்த வீரனைப் போல் இருப்பாயா?” என்று கேளாது, “அந்தக் கூட்டத்தில் எம்மைப்போன்றவர் எவரேனும் இருந்தனரா?” என்று கேட்பாராக. பிள்ளை உடனே விடை சொல்லாது. பொறுத்திருக்கவேண்டும். மாணவர்களும் இக்கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்து, தம் விடையைத் தாமே தேடுவார்களாக. பறக்கும் ஆற்றல் எவருக்கும் வாய்ப்பதில்லை. காலியாக இருக்கும் ஓர் ஆசனத்திற் சென்று அமரும் ஆற்றல் எல்லோருக்கும் உண்டு.